தகரத்தின் ஞாபகம்

1953 மே 2, சாயங்காலம். கல்கத்தா டம்டம் விமான நிலையத்திலிருந்து ஒரு காமெட் விமானம் டெல்லிக்குக் கிளம்பியது. பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்துடையது. சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகிற வழியில் இங்கே இறங்கி ஏறியிருந்தது. உள்ளே 43 பேர். கிளம்பிய ஆறாவது நிமிடம் தொடர்பு அறுந்தது. கல்கத்தாவுக்கு மேற்கே 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், ஜகல்கோரி என்ற கிராமத்தைச் சுற்றியிருந்த நிலங்களில் அதன் துண்டுகள் விழுந்தன. ஒருவரும் பிழைக்கவில்லை.

வங்காளத்தில் கோடையில், மதியத்துக்கு மேல் திடீரென்று திரண்டு அடிக்கிற இடிப்புயலுக்குக் கால்பைசாகி என்று பெயர். அன்றைக்கும் அப்படியொரு புயல். இந்திய அரசு விசாரணை நடத்தியது. விமானம் புயலுக்குள் பறக்கும்போதே அதன் கட்டமைப்பு உடைந்துவிட்டது, காற்றின் கடுமையான வீச்சு காரணமாக இருக்கலாம் அல்லது விமானி கட்டுப்பாட்டை இழந்தது காரணமாக இருக்கலாம் என்று முடிவு சொன்னது. உடைந்த பாகங்களில் சில இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்துக்குப் போயின. காமெட்கள் தொடர்ந்து பறந்தன.

அந்தத் தேதியில் ஒரு விசேஷம் உண்டு. உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கிளம்பியது. அதுவும் காமெட்தான். சரியாக ஒரு வருஷம் கழித்து கல்கத்தா. முதல் சேவைக்குப் பறந்த அதே விமானம், பதிவு எழுத்துகள் ஜி-ஏஎல்ஒய்பி, 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு மேலே துண்டு துண்டானது. 35 பேர். இரண்டு மாதம் விமானங்களைத் தரையில் நிறுத்தி வைத்து, என்னவென்று கண்டுபிடிக்க முடியாமலே மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8, நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. 21 பேர்.

இணையத்தில் இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்துவிடுகிறார்கள். 'சதுர ஜன்னலால் விழுந்த விமானங்கள்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கல்கத்தா விபத்துக்கு உலோகச் சோர்வு காரணம் என்று யாரும் நிறுவியதில்லை. எல்பாவில் கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளில் தெரிந்த விரிசல்கூடப் பயணிகளின் ஜன்னலில் தொடங்கியதல்ல. கூரையில், வானொலி ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலைக்குப் பக்கத்தில், ஒரு ரிவெட் ஓட்டையின் விளிம்பில் தொடங்கியது. ஜன்னல் கதை முழுப்பொய் இல்லை. ஆனால் ரிவெட் ஓட்டை என்று சொன்னால்தான் இந்தக் கட்டுரைக்கு நான் வர முடியும். எனக்கு விமானங்களைவிடக் கூரைத் தகரம்தான் பக்கத்துச் சங்கதி.

*

காமெட்டின் உடல் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு. பல இடங்களில் 0.7 மில்லிமீட்டர். ஏறக்குறைய 40,000 அடி உயரத்தில் பறக்கும்போது உள்ளே 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தம் இருக்கும்படி ஊதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் விமானம் பலூன் மாதிரிக் கொஞ்சம் உப்பும், இறங்கும்போது தளரும். ஒரு பயணம், ஒரு உப்பல்.

இதை டிஹாவிலாண்ட் நிறுவனம் யோசிக்காமல் இல்லை. விமான உடலின் ஒரு பகுதியை எடுத்து, உள்ளே அழுத்தம் ஏற்றி இறக்கி, ஏறக்குறைய 18,000 முறை சோதித்தார்கள். அதற்குப் பிறகுதான் உடைந்தது. ஒரு விமானம் தன் ஆயுளில் பறக்கப்போகிற எண்ணிக்கையைவிட இது அதிகம். பிறகு எப்படி எல்பாவில் விழுந்தது 1,290 பயணத்திலும், நேப்பிள்ஸில் விழுந்தது வெறும் 900 பயணத்திலும் போயின?

ஃபார்ன்பரோவில் சர் ஆர்னால்ட் ஹால் தலைமையில் செய்த வேலை புகழ்பெற்றது. ஒரு முழு காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். காற்றை ஏற்றினால் உடையும்போது வெடிகுண்டு மாதிரிச் சிதறும், எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. தண்ணீர் அமுங்காது, அதனால் கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். ஏற்கெனவே 1,221 பயணம் பறந்திருந்த அந்த விமானம், தொட்டியில் இன்னொரு 1,836 முறை உப்பித் தளர்ந்து, மொத்தம் 3,057-ல் ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது.

18,000 எங்கே, 3,057 எங்கே? பதில் சோதனையின் வரிசையில் இருந்தது. நிறுவனத்தின் சோதனைத் துண்டு, சோர்வுச் சோதனைக்கு முன்னால் வலிமைச் சோதனைக்கும் போயிருந்தது. இயல்பைவிட இரண்டு மடங்கு வரை அழுத்தம் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். தாங்கியது. சரி, அதே துண்டைத்தானே அடுத்த சோதனைக்கும் வைக்கலாம், எதற்குப் புதிதாக ஒன்று செலவு செய்ய வேண்டும்? அப்படி நினைத்ததில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெரிய அழுத்தத்தில் ஓட்டைகளின் விளிம்பிலிருந்த உலோகம் மட்டும் நிரந்தரமாகக் கொஞ்சம் நீண்டுவிட்டது. அழுத்தத்தை எடுத்ததும் சுற்றியிருந்த, நீளாத உலோகம் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். நடுவில் நீண்டுபோனது இடைஞ்சலாக நிற்கும். சுற்றியிருப்பது அதை எல்லாப் பக்கமும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். விரிசல் திறந்தால்தான் வளரும். அமுங்கிக் கிடக்கும் இடத்தில் அது திறப்பதே கஷ்டம். ஆக அந்த வலிமைச் சோதனை, துண்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டது. வானத்தில் பறந்த விமானங்களுக்கு அந்த ஊசி விழவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. முதல் டெஸ்ட் எதையோ மாற்றி வைத்துவிட்டுப் போகும், அதன் புண்ணியத்தில் இரண்டாவது டெஸ்ட் பாஸாகும். தனியாக ஓட்டினால் விழும். நாங்கள் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறோம். உலோகத்தை அப்படி அழிக்க முடியாது. அதற்கு நடந்ததெல்லாம் அதிலேயே இருக்கிறது.

*

விரிசலுக்கான கணக்கு இல்லாமல் போனதால் இந்த விபத்துகள் நடந்தன என்றும் சொல்லிவிட முடியாது. கணக்கு இருந்தது, அதுவும் அதே ஃபார்ன்பரோவில். ஏ.ஏ. கிரிஃபித் அங்கே வேலை பார்த்த இளம் பொறியாளர். கண்ணாடி ஏன் கோட்பாடு சொல்வதைவிட மிகக் குறைந்த இழுவிசையிலேயே உடைகிறது என்று யோசித்து, 1921-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விரிசல் வளர்ந்தால் இழுபட்டு நின்ற பொருளில் சேர்ந்திருந்த ஆற்றல் கொஞ்சம் விடுபடும். ஆனால் விரிசலின் இரண்டு புதுப் பரப்புகளை உண்டாக்க ஆற்றல் செலவாகும். வரவு செலவைவிட அதிகமானால் விரிசல் ஓடும். அவ்வளவுதான். ஷாம்பு சாஷேயின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் விரலால் கிழிக்க முடிவதும், வெட்டு இல்லாவிட்டால் பல்லைக் கொண்டுபோவதும் இதே கணக்குதான்.

கண்ணாடிக்குச் சரி. உலோகத்துக்கு? உலோகத்தில் விரிசலின் முனை கூர்மையாக நிற்பதில்லை, அங்கே உலோகம் இளகி நீளும். அந்த நீட்டலுக்கு ஆகிற செலவு, புதுப் பரப்புக்கு ஆகிற செலவைவிடப் பல மடங்கு. இதைக் கணக்கில் சேர்த்தவர்கள் ஒரோவானும் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ஜார்ஜ் இர்வினும். 1940-களின் கடைசி அது. 1950-களின் இறுதியில் பொலாரிஸ் ஏவுகணையின் உருக்கு உறைகள் சோதனையிலேயே உடைய ஆரம்பித்தபோது, 1959-ல் அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம் ஒரு சிறப்புக் குழு அமைத்தது. வலிமையான உலோகத் தகடுகள் விரிசலை எவ்வளவு எதிர்க்கின்றன என்று அளக்க ஒரு பொதுவான முறை வேண்டும். அதுதான் குழுவுக்குக் கொடுத்த வேலை. இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் விரிசல் சோதனைகளுக்கு அந்தக் குழுதான் வேர்.

தடித்த உலோகத்துக்கு இந்த அளவு ஓரளவு சுலபம். ஒரு எண் கிடைக்கும். மெல்லிய தகட்டுக்கு அந்த ஒற்றை எண் நழுவிக்கொண்டே போகும். ஏன் என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுங்கள்.

தடித்த பாளத்தின் நடுவில் இருக்கும் உலோகத்தைச் சுற்றியிருப்பவை எல்லாப் பக்கமும் பிடித்து வைத்திருக்கும். அது நீள இடமில்லை, அதனால் சட்டென்று தட்டையாக உடையும். மெல்லிய தகட்டுக்கு மேலேயும் கீழேயும் காற்றுதான். விரிசல் முனையில் தகடு இன்னும் மெலிந்து, குழிந்து, 45 டிகிரி சாய்வாகக் கிழியும். ஒரு பழைய தகர டப்பாவைக் கிழித்து ஓரத்தைப் பார்த்தால் அந்தச் சாய்வு தெரியும். விரிசல் கொஞ்சம் நகர்ந்ததும், முனையில் இளகுகிற பகுதி முன்பைவிடப் பெரிதாகும். பெரிதானால் செலவு கூடும். அதாவது விரிசல் வளர வளரத் தகடு அதை அதிகமாக எதிர்க்கிறது. அதனால் மெல்லிய தகட்டில் விரிசல் கொஞ்சம் ஓடி நின்றுவிடவும் செய்யும். இன்னும் இழுத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும், நிற்கும். ஒரு கட்டத்தில் எதிர்ப்பு கூடுகிற வேகத்தைவிடத் தள்ளுகிற விசை கூடுகிற வேகம் அதிகமாகிவிடும். அந்த நொடியிலிருந்து நிறுத்த ஆள் கிடையாது.

இந்த எதிர்ப்பை ஒரு வளைகோடாக வரைந்தால் அதற்கு ஆர் கர்வ் என்று பெயர். 1961-ல் கிராஃப்டும் அவருடைய சகாக்களும், குறிப்பிட்ட தடிமனுள்ள ஒரு தகட்டுக்கு இந்தக் கோடு ஒன்றுதான், விரிசல் எங்கே எவ்வளவு நீளத்தில் தொடங்கியது என்பதைப் பொறுத்து மாறாது என்ற கருத்தை முன்வைத்தார்கள். இது சாதாரணச் சங்கதி இல்லை. சின்னத் தகட்டில் அளந்த கோட்டை எடுத்துப் பெரிய விமானத்தில் இருக்கிற விரிசலின் மேல் வைத்துப் பார்த்து, எப்போது கிழியும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். பிறகு ஏஎஸ்டிஎம் இ561 என்ற தரநிலையாக இது வந்தது.

அளப்பது என்று எழுதுவது சுலபம், செய்வது அப்படியில்லை. சின்னத் தகட்டில் கோட்டின் ஆரம்பப் பகுதி மட்டும்தான் கிடைக்கும், அதற்குள் தகடே முடிந்துபோகும். முழுக் கோடு வேண்டுமென்றால் அகலமான தகடு வேண்டும். அகலமான மெல்லிய தகட்டின் நடுவில் வெட்டுப் போட்டு இழுத்தால் அது இன்னொரு வேலை காட்டும்: இழுக்கும்போதே வெட்டின் மேலும் கீழும் உள்ள பகுதி அமுங்கி, வாய் பிதுங்குவது மாதிரி வெளியே புடைக்கும். இழுக்கிற தகடு அமுக்கத்தில் வளைகிறது என்றால் கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் நடக்கிறது. அதற்காக இரண்டு பக்கமும் கனமான பலகைகளை வைத்து, உரசாதபடி எண்ணெய்ப் பூச்சு போட்டுப் பிடித்துக்கொள்கிறார்கள். அளந்த எண்ணில் எவ்வளவு தகடு, எவ்வளவு பலகை என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருக்கும்.

ஒரே இழுப்பில் கிழிவது இப்படி. திரும்பத் திரும்ப இழுத்து விடுவதில் விரிசல் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நகர்கிறது என்பதற்கு பால் பாரிஸ் ஒரு சூத்திரம் தந்தார். 1955 கோடையில் போயிங்கில் வேலை பார்க்கப் போன இளைஞர் அவர், காமெட் விசாரணையின் சூடு ஆறாத சமயம். அவருடைய கட்டுரையை மூன்று பெரிய ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1961-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன இதழில் வந்தது. இன்றைக்கு எந்த விமானத்தை எத்தனை பயணத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தச் சூத்திரத்தின் வழியில்தான்.

இந்தத் துறைக்கு இந்தியாவிலும் ஆள் இருந்தார். கால்டெக்கில் உலோகச் சோர்வில் ஆராய்ச்சி செய்த எஸ்.ஆர். வள்ளூரி 1965-ல் பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்து, 1984 வரை இருந்தார். பிறகு தேஜஸ் போர்விமானத்தை உருவாக்கிய அமைப்பின் முதல் தலைமை இயக்குநர். விரிசலைப் படித்த ஒருவர் ஒரு நாட்டின் விமான ஆராய்ச்சிக்கு இரண்டு தசாப்தம் தலைமை வகித்தது நல்ல விஷயம் என்றே நினைக்கிறேன்.

*

ஆகாயத்தை விட்டு இறங்குவோம். 1974 கிறிஸ்துமஸ் இரவு, ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் டார்வின் நகரம். டிரேசி புயல் நேராக ஊரின் மேல் ஏறியது. விமான நிலையத்தின் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் என்று பதிவு செய்த பிறகு செத்துப்போனது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலான வீடுகள் அழிந்தன, ஊரில் பெரும்பகுதி மக்களை விமானத்தில் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஜார்ஜ் வாக்கர் என்ற பொறியாளர் இடிபாடுகளைப் போய்ப் பார்த்தார். அங்கே கூரைகள் பெரும்பாலும் மெல்லிய நெளிவுத் தகடுகள். வலிமையான உருக்கு, அதனால் மெல்லியதாகப் போட்டால் போதும் என்று வந்தவை. அந்தத் தகடுகளைச் சோதித்துத்தான் விற்றிருந்தார்கள். கீழிருந்து தள்ளி எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து, டார்வினின் காற்றுக்கு இது போதும் என்று சான்றும் இருந்தது. ஆனால் வாக்கர் பார்த்த இடங்களில் ஸ்க்ரூக்கள் சட்டத்திலேயே இருந்தன. தகடுதான் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றிக் கிழிந்து பறந்திருந்தது.

காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். அதுவும் ஒரே சீராக உறிஞ்சாது. இழுக்கும், விடும், இழுக்கும், விடும். ஒவ்வொரு இழுப்பிலும் ஸ்க்ரூ தலைக்குக் கீழே நெளிவின் முகடு குழிந்து திரும்பும். சில நூறு, சில ஆயிரம் முறைக்குள் ஓட்டையின் விளிம்பில் விரிசல் வந்துவிடும். ஒரே இழுப்பில் தாங்கக்கூடிய விசையில் பாதிகூட வேண்டாம். ஒரு ஸ்க்ரூவிடம் தகடு கழன்றுகொண்டால் அதன் பாரம் பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போகும், அங்கேயும் ஏற்கெனவே ஒரு விரிசல் காத்திருக்கும். கூரை போனதும் சுவருக்குப் பிடிப்பு போகும்.

பதினாலு வருஷம் கழித்து, 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாயில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737-க்கு நடந்ததும் இதன் சொந்தக்காரன்தான். 89,680 பயணம் முடித்திருந்த விமானம். ரிவெட் வரிசையில் ஒவ்வொரு ஓட்டையிலும் சின்னச் சின்ன விரிசல்கள். ஒற்றை விரிசல் வந்தால் குறுக்கே வைத்திருக்கும் பட்டைகள் அதைத் திருப்பிவிடும், காற்று மெல்ல வெளியேறும் என்பது வடிவமைப்பாளர்களின் எதிர்பார்ப்பு. ஆர் கர்வின் தைரியமும் அதுதான்: ஓடுகிற விரிசலுக்கு முன்னால் முழுத் தகடு இருக்கிறது, அது எதிர்க்கும். முன்னால் இருந்த தகடே ஓட்டை ஓட்டையாக ஏற்கெனவே விரிந்திருந்ததால் எதிர்க்க ஒன்றுமில்லை. 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை 5 மீட்டருக்கு மேல் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார், மற்ற எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். ஏறும்போதே ஒரு பயணி கதவுக்குப் பக்கத்தில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நாமாக இருந்தால் சொல்லியிருப்போமா? 'நமக்கெதுக்கு, அவங்க பாத்திருப்பாங்க' என்றுதான் போய் உட்கார்ந்திருப்போம்.

டார்வினுக்குத் திரும்புகிறேன். மறுகட்டுமானத்துக்கு எழுதிய விதிகளில், கூரைத் தகட்டை 10,000 முறை முழு விசையில் இழுத்து விட்டுச் சோதிக்க வேண்டும் என்று போட்டார்கள். கொஞ்ச வருஷத்தில், புயல் எப்போதும் உச்சத்திலேயே அடிப்பதில்லை என்று, வேறொரு விதி: குறைந்த விசையில் 8,000, நடுத்தரத்தில் 2,000, உச்சத்தில் 200. 1977-ல் டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள்.

அந்த நிலையத்தின் ஆய்வுகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயரில் கண் நின்றது. மகேந்திரன். பெயரைப் பார்த்ததும் வருகிற அந்த அற்பச் சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. 1990-ஐ ஒட்டி, நெளிவுத் தகடுகள் ஸ்க்ரூவைச் சுற்றி எப்படிக் குழிகின்றன, எந்தக் கட்டத்தில் விரிசல் விடுகின்றன என்று விரிவாக ஆராய்ந்து எழுதியவர். பிறகு பிரிஸ்பேனில் பேராசிரியர். அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று: சோதனையில் விசைகளை எந்த வரிசையில் கொடுக்கிறோம்? சின்னதிலிருந்து பெரியதுக்கு ஏறி முடித்துவிடுவது பழைய விதி. நிஜமான புயல் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கவும் செய்கிறது. உச்சத்தில் விழுந்த விரிசலுக்கு, இறங்குகிற நேரத்தின் சின்ன இழுப்புகளே போதும். அதனால் குறைவு, அதிகம், மறுபடி குறைவு என்ற வரிசையில் சோதிக்க வேண்டும் என்றார். ஆஸ்திரேலியக் கட்டட விதிகளுக்குள் பின்னாளில் அந்த வரிசை வந்து சேர்ந்தது.

காமெட்டில் உச்ச விசையை முதலில் கொடுத்தது தகட்டைக் காப்பாற்றியது. இங்கே உச்ச விசை தகட்டைப் பாழாக்குகிறது. இரண்டும் உண்மை. அங்கே விளிம்பு நீண்டதோடு நின்றது, இங்கே முகடே மடிந்து உட்கார்ந்துவிடுகிறது. எந்தத் தகடு, எவ்வளவு மெலிசு, எவ்வளவு நீளக்கூடியது என்று தெரியாமல் ஒன்றின் அனுபவத்தை மற்றதற்குப் போட முடியாது.

*

எங்கள் ஊர் சுத்துக்கேணி. புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூன். 1950-களில் காசல் தம்பதியர் என்ற பிரெஞ்சு அகழாய்வாளர்கள் இங்கே பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டியதால், எந்த நூலகத்தில் தேடினாலும் ஊர்ப் பெயர் தாழிகளோடு சேர்ந்துதான் வரும். சங்கராபரணி ஆற்றிலிருந்து ஊசுட்டேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலுக்கும் இந்த ஊர்ப் பெயர்தான். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் புயல் என்றால் மழை என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அப்போது நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். காற்று நின்றதும் தெருவில் இறங்கிப் பார்த்தால் பாதிக் கொட்டகைகளுக்குத் தலை இல்லை. ஒரு மாட்டுக் கொட்டகையில் இரும்புப் பைப்பின் மேல் ஸ்க்ரூக்கள் வரிசையாக வாஷரோடு நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நகத்தளவு தகரம். மற்றதெல்லாம் காணோம்.

வெல்டிங் வேலை செய்கிற அண்ணன் ஒருத்தர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஸ்க்ரூ ஒண்ணும் ஆவல பாரு. ஷீட்டுதான் கிழிஞ்சி பூடுச்சி. சும்மா சும்மா ஆட்டிக்கினே இருந்தா கம்பியே அறுந்துடும், தகரம் இன்னா செய்யும்?" வாக்கர் டார்வினில் கண்டதை அண்ணன் இரண்டு வரியில் முடித்துவிட்டார். எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தது ஒரே இழுப்பில் உடைகிற சோதனை ஒன்றுதான். அவருக்குத் தெரிந்திருந்தது இரண்டாவது.

ஒரு சின்னக் கணக்கு. புயலின் கடுமையான நேரம் மூன்று மணி என்று வைத்துக்கொண்டால் 10,800 விநாடி. இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு இழுப்பு என்றால் நாலாயிரம், ஐந்தாயிரம் இழுப்பு. எல்லாம் பெரிய இழுப்பு இல்லை. ஆனாலும் டார்வின்காரர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் என்று எழுதியது ஆகாயத்திலிருந்து பிடித்த எண் இல்லை என்று இதிலேயே தெரிகிறது.

நம்மிடம் விதிகள் இல்லாமல் இல்லை. காற்று விசைக்கு ஐஎஸ் 875-ன் மூன்றாம் பகுதி. சின்ன வீடுகளைப் புயல் தாங்க வைக்க 2004-ல் வந்த ஐஎஸ் 15498. சென்னை தரமணியில் எஸ்இஆர்சி என்ற மத்திய ஆய்வு மையத்தில் காற்றுக் குகையும் இருக்கிறது, உலோகச் சோர்வுக்கும் விரிசலுக்கும் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. பூச்சுத் தகடுகளுக்கு ஐஎஸ் 277, அது துத்தநாகப் பூச்சின் எடையையும் வளைத்துப் பார்க்கும் சோதனையையும் சொல்கிறது. அது பொருளைப் பற்றிய தரநிலை. ஓட்டை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, ஆயிரம் முறை இழுத்த பிறகு அந்தப் பொருள் என்ன ஆகும் என்று சொல்வது அதன் வேலை இல்லை. மாட்டுக் கொட்டகைக்குத் தகடு வாங்கப் போகிறவர் கடையில் கேட்கக்கூடியது தடிமன், கம்பெனி, விலை. எத்தனை ஸ்க்ரூ, எங்கே என்பது கொட்டகை போடுகிறவரின் கை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்று மிக அதிகமாக உறிஞ்சும், அங்கே நெருக்கமாகப் போட வேண்டும், தலைக்குக் கீழே அகல வாஷர் வேண்டும். இது தெரிந்த அண்ணன்கள் இருக்கிறார்கள். பத்து ஸ்க்ரூ கூடுதலாகக் கேட்டால் 'ஏன்யா வீண் செலவு' என்று கேட்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கூடம் எங்கள் ஊருக்குப் புயலோடுதான் வருகிறது, அதுவும் மாடு உள்ளே கட்டியிருக்கும்போது.

தானேக்குப் பிறகு வயல்களில் கிடந்த ஷீட்டுகளைப் பொறுக்கி, மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தி, மறுபடி போட்டார்கள். வேறு வழி கிடையாது, புது ஷீட்டுக்குப் பணமும் இல்லை, கடையில் சரக்கும் இல்லை. பழைய ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு, இரண்டு விரல் தள்ளிப் புது ஓட்டை போடுவார்கள். தள்ளிப் போடுவது நல்லதுதான், ஆனால் பழைய ஓட்டையின் விளிம்பில் ஓடியிருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாத நீளத்தில்கூட இருக்கும், புது ஓட்டை அதன் பாதையிலேயே விழலாம். பெயின்ட் உரிந்து நட்சத்திரம் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அந்த ஷீட்டைக் கோழிக்கூண்டுக்குப் போட்டுவிடலாம். தெரியாவிட்டால் அடுக்கில் வைத்துவிடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய பிறகும் இதேதான். இரும்புக்கடையில் பழைய ஷீட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அதில் கூரையின் நடுவில் கிடந்ததும் இருக்கும், மூலையில் இரவு முழுக்க அடி வாங்கியதும் இருக்கும். எது எங்கே கிடந்தது என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.